மேஜை பளபளக்கிறதா? தொட்டுப் பாருங்கள்!

வெளியே காற்றாட உட்கார்ந்து சாப்பிட யாருக்குத்தான் ஆசை இல்லை? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும்... பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம், ஈ.சி.ஆர். சாலையோரம், மதுரையில் ராத்திரி நேரப் பரோட்டாக் கடை வாசல், செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் என்று எங்கே பார்த்தாலும் குடும்பம் குடும்பமாக மேஜை போட்டுச் சாப்பிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். தினமும் அடுப்படியில் வேகும் இல்லத்தரசிக்கு ஒருவேளை ஓய்வு. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

நீங்கள் போய் உட்கார்ந்ததும் என்ன நடக்கிறது? முன்னால் சாப்பிட்டவர்களின் இலை அப்போதுதான் போயிருக்கும். "தம்பி, டேபிளைத் துடைப்பா!" என்கிறீர்கள். அவரும் தோளில் கிடக்கும் துணியையோ, வாளித் தண்ணீரில் கிடக்கும் துணியையோ எடுத்து, 'சர்'ரென்று ஒரே இழுப்பு! சால்னாத் துளிகள் மறைகின்றன. மேஜை மினுமினுக்கிறது. உங்களுக்கும் திருப்தி.

அந்த மினுமினுப்பைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பல நேரங்களில் அது சுத்தத்தின் பளபளப்பு இல்லை, எண்ணெயின் பளபளப்பு!

நம்பிக்கை இல்லையா? ஒரு வெள்ளை டிஷ்யூ தாளை எடுத்து மேஜை மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தாள் மஞ்சளாகவோ கறுப்பாகவோ மாறினால், அல்லது வெளிச்சத்தில் பிடிக்கும்போது ஊடுருவித் தெரிந்தால், அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீருக்கு மசியாத எண்ணெய்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் எண்ணெய் மேஜையைப் பச்சைத் தண்ணீர்த் துணியால்தான் துடைக்கிறோம்! அதனால் பிசுக்கு போவதில்லை. ஒரே இடத்தில் திட்டாக இருந்தது, மேஜை முழுக்க மெல்லிசாகப் பரவுகிறது. அவ்வளவுதான்.

டால்டா மாதிரியான வனஸ்பதி என்றால் இன்னும் சங்கடம். அது உருகுவதற்கே சுமார் 31 முதல் 41 டிகிரி செல்ஷியஸ் வரை சூடு வேண்டும். கல்லில் இருந்து வரும்போது உருகி ஓடுகிற கொழுப்பு, ராத்திரி நேரத்து மேஜையில் சிந்தியதும் ஆறிக் கெட்டியாகிவிடும். அதன் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இன்னும் இறுகிப்போகுமே தவிர, எப்படி விலகும்?

சோப்பு இங்கேதான் கை கொடுக்கிறது. சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு முனைகள். ஒரு முனைக்கு எண்ணெயைப் பிடிக்கும். இன்னொரு முனைக்குத் தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெயைச் சின்னச் சின்ன உருண்டையாக உடைத்து, சுற்றிலும் நின்று, தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போய்விடும். நம் பாட்டிமார்கள் எண்ணெய்த் தலைக்குச் சிகைக்காய் தேய்த்ததும், எண்ணெய்ச் சட்டியை அடுப்புச் சாம்பல் போட்டு விளக்கியதும் சும்மா இல்லை. சிகைக்காயில் நுரைக்கும் பொருள் இருக்கிறது; சாம்பலில் காரம் இருக்கிறது. இரண்டுமே எண்ணெய்க்கு எதிரி.

வெளியே போட்ட மேஜைக்கு என்ன விசேஷம்?

உள்ளே இருக்கும் மேஜைக்கு எண்ணெய் மட்டும்தான் பிரச்னை. வாசலில் இருக்கும் மேஜைக்கோ எண்ணெயோடு தூசி, வாகனப் புகை, ஈ, காக்கை எச்சம், மழைச் சாரல் எல்லாமே சேர்ந்துகொள்ளும். எண்ணெய்ப் படலம் ஒரு பசைத்தாள் மாதிரி. பறந்து வருகிற அத்தனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

போதாக்குறைக்கு வெயில் வேறு! சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய் போன்றவை மெல்லிய படலமாகக் காற்றிலும் வெயிலிலும் கிடந்தால், ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகிப் பிசின் மாதிரி ஆகிவிடும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் காய்ந்து தோல்போல் படிகிறதே, அதே கதைதான். மேஜை ஓரங்களிலும் நாற்காலிக் கைப்பிடியிலும் பழுப்பாகப் பிசுபிசுக்கிறதே, அது இப்படி வந்ததுதான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் ஏற்கெனவே தடித்துப் போயிருப்பதால் இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

ஈயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டு ஈக்குக் கடித்துத் தின்னும் வாய் கிடையாது. சாப்பாட்டின் மேல் உமிழ்ந்து, கரைத்து, உறிஞ்சித்தான் குடிக்கும். சாக்கடையில் உட்கார்ந்த அதே காலோடு மேஜையில் வந்து இறங்கும். பிசுக்கு இருக்கும் மேஜை அதற்குப் பந்தி போட்ட மாதிரி!

உண்மையான வில்லன் யார்?

மேஜையைவிடத் துடைக்கும் துணிதான் பெரிய வில்லன். முதல் மேஜையில் எடுத்த எச்சிலை இரண்டாவது மேஜைக்கும், இரண்டாவதில் எடுத்ததைப் பத்தாவதுக்கும் கொண்டு சேர்ப்பது அதுதான். ஈரம், வெதுவெதுப்பு, உணவுத் துணுக்கு என்று கிருமிகள் வளரத் தேவையான மூன்றும் அந்தத் துணியில் தயாராக இருக்கின்றன.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? வசதியான சூழ்நிலை கிடைத்தால் சில வகை பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். அந்த வேகத்தில் ஒன்று, ஒரு மணி நேரத்தில் 8. சாயங்காலம் 5 மணிக்கு இருந்த ஒரே ஒரு கிருமி, ராத்திரி 12 மணிக்குக் கடை சாத்தும்போது 20 லட்சத்தைத் தாண்டிவிடும்! எல்லாத் துணியிலும் இதே வேகத்தில் வளரும் என்று இல்லை. ஆனால் வாய்ப்பு கிடைத்தால் என்ன ஆகும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

"இலை போட்டுத்தானே சாப்பிடுகிறோம்?"

நீங்கள் இப்படிக் கேட்பது காதில் விழுகிறது. வாழை இலை நல்லதுதான். ஆனால் கவனியுங்கள்... தண்ணீர் டம்ளரை எப்படி வைத்திருக்கிறார்கள்? கவிழ்த்து! நாம் வாய் வைக்கும் விளிம்பு நேராக மேஜையில் படுகிறது. கீழே விழுந்த அப்பளத்தை "பரவால்ல, மேஜையிலதானே விழுந்துச்சு" என்று எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறோம். ஸ்பூனை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கிறோம். குழந்தையோ இரண்டு கையாலும் மேஜையைத் தட்டிவிட்டு விரலைச் சூப்புகிறது. மேஜையிலிருந்து வாய்க்கு இத்தனை வழிகள்!

இலைக்குப் பதிலாக மேஜை மேல் பிளாஸ்டிக் ஷீட் விரிப்பதும் தீர்வு இல்லை. சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. பழைய செய்தித்தாளும் வேண்டாம். அச்சு மை உணவில் சேரும் என்பதால், செய்தித்தாளில் உணவு பரிமாறுவதும் பொட்டலம் கட்டுவதும் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்துவிட்டது.

வயிறு என்ன சொல்லும்?

வெளியே சாப்பிட்டு வயிறு கெட்டால் மேஜை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர், சட்னி, சமைத்தவர் கை என்று எதுவாகவும் இருக்கலாம். ஆனால் மேஜையும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் திடீர் வாந்தி என்றால், ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு காரணமாக இருக்கலாம். இது மனிதர்களின் மூக்கிலும் கை வெட்டுக்காயங்களிலும் இருக்கக்கூடியது. உணவில் நச்சு உண்டாகிவிட்டால் திரும்பச் சூடாக்கினாலும் அது அழியாது. சால்மோனெல்லா என்றால் 6 மணி நேரத்திலிருந்து 6 நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வரலாம். டைஃபாய்டு இன்னும் மெதுவாக, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் எங்கே சாப்பிட்டோம் என்பதே நமக்கு மறந்து போயிருக்கும்!

வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல். பாக்கெட் கிடைக்கவில்லையா? கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு போவது... இதில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

முதலில் எண்ணெய்... பிறகுதான் கிருமி!

"வாடை வருதே, மருந்து போட்டுத்தான் துடைச்சிருக்காங்க" என்று சிலர் ஏமாந்துவிடுவார்கள். பிசுக்கு மேல் கிருமிநாசினி தெளிப்பது, அழுக்குச் சட்டை மேல் சென்ட் அடிப்பது மாதிரி. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் இருக்கும் கிருமியை மருந்து எட்டாது. ப்ளீச்சாக இருந்தால், அதன் சக்தியே உணவுத் துணுக்கோடு மோதித் தீர்ந்துவிடும். அதனால் வரிசை முக்கியம். நீங்கள் சின்னதாக ஒரு டிபன் கடை நடத்தினாலும் சரி, மொட்டை மாடியில் பிறந்தநாள் விருந்து வைத்தாலும் சரி, இதே வரிசைதான்.

1. சிந்தியதை அட்டைத் துண்டாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ வழித்தெடுங்கள். எண்ணெயை உபயோகித்துத் தூக்கிப் போடும் தாளால் ஒற்றி எடுங்கள். இதைக் குப்பையில் போடுங்கள். சாக்கடையில் கழுவிவிட்டால் அங்கே போய் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

2. நல்ல சூடான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைக் கலந்து மேஜையில் ஊற்றி 2, 3 நிமிடம் ஊறவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு ஸ்க்ரப்பரால் ஓரம், மூலை எல்லாம் தேயுங்கள். பழைய பிசின் பிசுக்கு என்றால் 1 லிட்டர் வெந்நீரில் 1 டேபிள்ஸ்பூன் சலவை சோடா. ஆப்ப சோடா இதைவிடச் சாது. இறுகிய பிசுக்குக்குப் போதாது.

3. நல்ல தண்ணீரால் சோப்பு போகும்வரை துடைத்தெடுங்கள். சோப்பு தங்கினால் மறுபடியும் தூசி ஒட்டும்.

4. இப்போதுதான் கிருமிநாசினி. வாங்கும் ப்ளீச் திரவத்தின் லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் 4 சதவீதம் என்று இருந்தால், 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அதாவது 1 டீஸ்பூன் போதும். வாசனையோ நிறமோ சேர்க்காத ப்ளீச்சாக இருக்கட்டும். மேஜை நனையும்படி தடவி, தானாகக் காயவிடுங்கள். இந்தக் கரைசல் வெயிலிலும் நேரம் ஆக ஆகவும் வீரியம் இழக்கும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும்.

5. துணி இரண்டு வேண்டும். சோப்புக்கு ஒன்று, கிருமிநாசினிக்கு ஒன்று. நிறத்தில் வித்தியாசம் இருந்தால் மாறிப்போகாது. துணியை நான்காக மடித்தால், புரட்டிப் புரட்டி 8 சுத்தமான பக்கங்கள் கிடைக்கும். ஒரே திசையில் துடையுங்கள். வட்டம் போட்டால் அழுக்கு சுற்றிச் சுற்றி அங்கேயே இருக்கும். கடை சாத்தியதும் துணியைச் சோப்புப் போட்டு அலசி, 10 நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்துங்கள்.

ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் இவ்வளவும் முடியுமா? முடியும். வழித்து, சோப்பால் துடைத்து, நல்ல தண்ணீரால் துடைத்து, கிருமிநாசினி தெளிக்க அதிக நேரம் ஆகாது. அழுத்தித் தேய்க்கும் பெரிய சுத்தம் கடை சாத்தும்போது தினம் ஒருமுறை போதும்.

மேஜைக்கு மேஜை மருந்து வேறு

எவர்சில்வர்: சோப்பு வெந்நீர் போதும். ப்ளீச் நீண்ட நேரம் தங்கினால் புள்ளி புள்ளியாக அரிக்கும். இரண்டு நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

கடப்பா கல், மார்பிள்: இரண்டும் சுண்ணாம்புச் சத்துள்ளவை. எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் ஆகாது. மேற்பரப்பு பொரிந்து சொரசொரப்பாகி, அடுத்த முறை பிசுக்கு இன்னும் ஆழமாக இறங்கும்.

கிரானைட்: சோப்பும் வெந்நீரும் தாராளமாகப் போடலாம். ஆனால் ஆசிட் போட்டுப் பாலிஷைக் கெடுக்காதீர்கள்.

அலுமினியம்: சலவை சோடா வேண்டவே வேண்டாம். கறுத்து அரித்துவிடும்.

பிளாஸ்டிக், சன்மைக்கா: கம்பிச் சுருள் போட்டுத் தேய்க்காதீர்கள். விழும் ஒவ்வொரு கீறலும் பிசுக்குக்கு ஒரு வீடு. கீறல் விழுந்து சொரசொரப்பான பிளாஸ்டிக் மேஜையை மாற்றுவதே மேல்.

மரம்: எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஊறவைக்காமல், பிழிந்த சோப்புத் துணியால் தேய்த்துத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். வார்னிஷ் உரிந்த மர மேஜை வெளியே சாப்பாடு போட ஏற்றதல்ல.

மேஜைக்கு அடியில் இருக்கும் தரையையும் மறக்காதீர்கள். எண்ணெய்த் தரையில் மழைச் சாரல் விழுந்தால் வழுக்கு மரம்தான். வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிய ஒரு சறுக்கல் போதும்.

சேர்க்கவே கூடாத ஜோடி

இதை மட்டும் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ப்ளீச்சோடு கழிப்பறை ஆசிட்டையோ, வினிகரையோ, எலுமிச்சையையோ கலந்தால் குளோரின் விஷவாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு கலந்தாலும் மூச்சை முட்டும் வாயு வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. சோப்புத் தண்ணீரிலேயே ப்ளீச்சை ஊற்றும் 'குறுக்கு வழி'யும் வேண்டாம். குடிநீர் பாட்டிலில் ப்ளீச் ஊற்றி வைப்பது அதைவிடப் பெரிய தப்பு.

சாப்பிடப் போகிறவர் செய்ய வேண்டியது

உட்காருவதற்கு முன் மேஜையைப் பார்ப்பதைவிடத் துணியைப் பாருங்கள். துணி கறுத்து, வாளித் தண்ணீர் கலங்கியிருந்தால் சமையலறையும் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். கடையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மாட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

பிசுக்கு இருந்தால் குரலை உயர்த்த வேண்டாம். "தம்பி, கொஞ்சம் சோப்புத் தண்ணி தொட்டு இன்னொரு தடவை துடைச்சிடுங்களேன்" என்று தன்மையாகச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். இத்தனை மேஜைக்கு ஒரே ஆள், ஒரே துணி என்று விட்டது அவர் குற்றமா? கல்லாவில் இருப்பவரிடம், "அண்ணே, டேபிளுக்கு வெந்நீர் வைக்கலாமே!" என்று சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது நாள் வெந்நீர் வந்துவிடும். அப்புறமும் மாறாத கடையா? மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

டம்ளரை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். ஸ்பூனைத் தட்டிலேயே வையுங்கள். மேஜையில் விழுந்ததை விட்டுவிடுங்கள். கைக்குழந்தை இருந்தால் அதன் முன்னால் ஒரு சுத்தமான துண்டை விரித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் துவைக்கப் போட்டுவிடலாம்.

இன்னொன்று. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போது சானிட்டைசர் ஜெல் தடவிக்கொண்டு திருப்திப்படாதீர்கள். மேஜைக்குச் சொன்ன அதே நியாயம்தான் கைக்கும். பிசுக்குக் கையில் ஜெல் சரியாக வேலை செய்யாது. சாப்பிடும் முன்பும் பின்பும் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் சரி.

வீட்டு விசேஷத்துக்கு வாடகை மேஜை எடுக்கிறீர்களா? காகித ரோலை விரிப்பதற்கு முன் மேற்பரப்பைத் தொட்டுப் பாருங்கள். விரல் ஒட்டினால் ரோலுக்கு அடியில் போன கல்யாணத்துப் பாயசம் இருக்கிறது! பந்திக்கு முன்பே வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைக்க ஆள் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

ருசிக்காகக் கடை தேடிப் பத்துக் கிலோமீட்டர் போகிறோம். அந்தக் கடை மேஜையில் ஒரு டிஷ்யூ தாளைத் தேய்த்துப் பார்க்கப் பத்து விநாடி போதும். அந்தத் தாள் வெள்ளையாகவே திரும்பி வந்தால்... தைரியமாக இன்னொரு பரோட்டா சொல்லுங்கள்!